குருவின் பலகையும் நிலவேம்பு நாற்றும்

கூகைமலைக்குச் சண்டை போடப் போனவர்தான் நாச்சிமுத்து. யாருக்காவது சிஷ்யராக வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கனவிலும் வந்ததில்லை.

அடிவாரத்து ஊருக்கு அவர் மணியக்காரர். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, மாடு மேய்ந்த தகராறு எல்லாம் அவர் முன்னால்தான் வந்து நிற்கும். அவருக்கு நியாயம் தெரியும். அதைவிட நன்றாகக் கோபப்படத் தெரியும். அறுபதைத் தாண்டியும் அவர் தலைப்பாகை ஒரு நாள்கூடச் சரிந்ததில்லை. அவர் செருமினால் பக்கத்துத் தெருவில் பேச்சு நிற்கும்.

அந்த வருஷம் ஆடியில் ஊருக்குள் காய்ச்சல் வந்தது. அவர் மனைவி பாவாத்தாளும் படுத்தாள். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தால் தணியும் என்றார்கள். மலைமேல் மருந்துக்குடிலுக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் வெறுங்கையோடு இறங்கி வந்தான்.

"அங்கயும் ஒரு தழை இல்லீங்க."

அந்த வாரத்துக்குள் பாவாத்தாள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் நாச்சிமுத்து மலையேறினார். வழியெல்லாம் பேச வேண்டியதைக் கோத்துக்கொண்டே போனார். குடிலை நடத்துகிறவள் மருதாயி என்று தெரியும். ஊரில் கிழவர்கள்கூட அவளை அம்மா என்றுதான் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் அவர் மகள் வயதுதான் இருக்கும். முற்றத்தில் உட்கார்ந்து சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து மலையில மருந்து இல்லைன்னா இந்தக் குடில் எதுக்கு? பூட்டிப்போட்டு எறங்கிப் போக வேண்டியதுதானே?" என்றார். வாங்க என்று சொல்லக்கூட அவளுக்கு இடம் கொடுக்கவில்லை.

மருதாயியின் கை நிற்கவில்லை.

"முந்தின வருஷம் மண்ணு சரிஞ்சுதுங்க. நிலவேம்பு இருந்த சரிவு அப்படியே பள்ளத்துக்குப் போயிருச்சு."

"வெதை கூடவா இல்லை?"

"இருக்குது."

"அப்புறம் ஏன் போடலை?"

"போட்டோம். மொளைச்சுது. நிக்கலை."

"ஏன் நிக்கலை?"

மருதாயி கையுலக்கையைச் சாய்த்து வைத்தாள். உள்ளே போனாள். ஒரு கொட்டாங்கச்சியில் விதையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"அதுதான் எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

கோத்துக்கொண்டு வந்த பேச்சில் இதற்குப் பதில் இல்லை. 'தெரியாது' என்று ஒப்புக்கொள்கிற எதிராளியை அவர் தம் வழக்குகளில் பார்த்ததே இல்லை. கொட்டாங்கச்சியைக் கையில் பிடித்தபடி நின்றார். அன்று அவர் மலையிறங்கவில்லை. அப்புறமும் இறங்கவில்லை.

குடிலில் அவருக்கு முன்பே ஒரு சிஷ்யர் இருந்தார். பெரியண்ணன் என்று பெயர். முன்பு சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். தரகை விட்டாலும் தரகுவாயை விடவில்லை.

"வாங்க மணியக்காரரே. ஊர்ல பஞ்சாயத்துத் தீந்துபோச்சா? இங்க நத்தைக்கும் செடிக்கும் ஒரு வழக்கு இருக்குது, விசாரிங்க."

வேடிக்கைக்குச் சொன்னாலும் அது உண்மைதான். ஐப்பசி பிறந்தால் அந்த மலையில் மழை கொட்டும். மழை நின்றால் மேகம் இறங்கி முற்றத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே விதை போட்டால் மழை அடித்துப் போகும். தப்பியதை நத்தை தின்னும். அதனால் குடிலுக்குள் மண் தட்டில் விதைத்து, நாற்றாக்கி, தையில் வானம் வெளுத்ததும் சரிவில் நட வேண்டும். அப்போதுதான் அடுத்த காய்ச்சலுக்குள் செடி கைக்கு வரும்.

குடிலின் பெரிய அறைக்கு ஒரே ஜன்னல். கிழக்குப் பார்த்தது. மேகம் விலகுகிற காலைகளில் கொஞ்ச நேரம் வெயில் வரும். மற்றபடி உள்ளே எப்போதும் சாயங்காலம்தான்.

நாச்சிமுத்து செம்மண்ணையும் மணலையும் மக்கிய எருவையும் சலித்துக் கலந்தார். விதை முழுவதையும் போட்டுவிடப் பார்த்தார்.

"பாதியை எடுத்து வையுங்க" என்றாள் மருதாயி.

"எதுக்குங்கம்மா? பாதி ஊருக்குத்தான் காய்ச்சல் வருமா?"

"எடுத்து வையுங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்து வைத்தார்.

தட்டுகளை அவர் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். விதைக்குச் சூடு வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. பெரியண்ணன் தம் பங்குக்குக் கொட்டிலில் போட்டு வைத்திருந்த துளசி கண் விழிப்பதற்குள் நிலவேம்பு கிளம்பிவிட்டது. கிளம்பியது நிற்கவில்லை. காலையில் பார்த்ததைவிட மாலையில் உயரமாக இருந்தது.

"பாருய்யா பெரியண்ணா. உன்ற துளசி தரையத் தடவிக்கிட்டு இருக்குது. என்ற நாத்து வெரல் உசரம் தாண்டியாச்சு."

பெரியண்ணன் எட்டிப் பார்த்தார்.

"உசரமாத்தான் இருக்குதுங்க. வெளுத்து, நூலாட்டம், பெரிய எடத்துப் புள்ளையாட்டம்."

மறுநாள் காலையில் எல்லா நாற்றும் படுத்துக் கிடந்தன. கையால் நிமிர்த்தி விட்டார். கை எடுத்ததும் படுத்தன. மாலைக்குள் தண்டு நைந்து ஒன்றுமில்லாமல் போயிற்று.

நாச்சிமுத்துவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தட்டோடு தூக்கிக்கொண்டு மருதாயியிடம் போனார்.

"இது என்ன நியாயம்? மண்ணு குடுத்தேன், தண்ணி குடுத்தேன், சூடு குடுத்தேன். மளமளன்னு வளர்ந்துச்சு. வளர்ந்த செடி எதுக்குச் சாகோணும்?"

"ஏனுங்க மணியக்காரரே, தேர் நோம்பிக்குப் போயிருக்கீங்களா?"

"நான் இல்லாம எங்க ஊர்ல தேரே நகராது."

"கூட்டத்துல கடைசி வரிசையில நிக்கறவன் என்ன பண்ணுவான்?"

"எக்கி எக்கிப் பார்ப்பான்."

"அவன் வளர்ந்துட்டானா?"

நாச்சிமுத்து தட்டைக் கீழே வைத்தார். பரணை நிமிர்ந்து பார்த்தார். அங்கே இருட்டாக இருந்தது. எடுத்து வைத்த பாதி விதை அவர் ஞாபகத்துக்கு வந்தது. போய் அதை எடுத்து வந்தார்.

இரண்டாம் விதைப்பை அவர் பெரிய அறையில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் ஓரமாக ஒரு நீளப் பெஞ்சில் வைத்தார். வருகிற வெளிச்சம் வீணாகாமல் இருக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். பித்தளைத் தாம்பாளங்களைப் புளி போட்டுத் தேய்த்துத் தட்டுகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். ஒவ்வொரு நாளும் தட்டைத் திருப்பி வைத்தார். மருதாயி ஒரு நாள் வந்து உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை லேசாகத் தடவிக் காட்டினாள்.

"வெளிய இருந்தா காத்து தள்ளும். தள்ளத் தள்ளத் தண்டு தடிச்சு ஊணும். இங்க உங்க கைதான் காத்து."

தடவிக் கொடுத்தார். பாவாத்தாள் படுத்திருந்தபோது அவள் தலையை இப்படி ஒரு நாளாவது தடவிக் கொடுத்தோமா என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பும் கோபமாகத்தான் வந்தது. தழை இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள், தடவிக் கொடுக்க வேண்டியே இருந்திருக்காது.

இவ்வளவு செய்தும் பெஞ்சின் இரண்டு கோடியில் இருந்த தட்டுகள்தான் தேறின. நடுவில் இருந்தவை வெளுத்தன. திருப்பினாலும் வெளுத்தன. தடவினாலும் வெளுத்தன. சில நாற்றுகள் எக்க ஆரம்பித்துவிட்டன.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மேகம் விலகியது. வெயில் உள்ளே வந்தது. நாச்சிமுத்து பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புச் சுவரில் ஜன்னல் அளவுக்கு ஒரு வெளிச்சம் விழுந்தது. அதன் நடுவே ஒரு தலை, ஒரு கொண்டை, இரண்டு தோள். நடுத் தட்டுகள் எல்லாம் அந்தத் தோளுக்குள் அடங்கிக் கிடந்தன.

திரும்பிப் பார்த்தார். ஜன்னலை ஒட்டி ஒரு பலாப் பலகை. அதன்மேல் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து மருதாயி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் உட்காருகிற நோயாளியின் முகத்தில் வெளிச்சம் விழும். கண்ணையும் நாக்கையும் பார்க்க அது வேண்டும். விடிந்ததிலிருந்து வருகிறவர்கள் ஓயும் வரை அவள் அங்கேதான் இருப்பாள்.

நாச்சிமுத்து சட்டென்று எழுந்தார். பெரியண்ணனைக் கொட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"போன வருசம் நாத்தை எங்கய்யா வச்சீங்க?"

"அதே சுவத்தோரந்தான்."

"ஜன்னல்கிட்ட ஏன் வைக்கலை?"

"ஜன்னல்கிட்டப் பலகை இருக்குதுங்களே. அம்மாவோட குருநாதர் உக்காந்த பலகை. அதுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ஒண்ணும் வைக்கக் கூடாது, யாரும் குறுக்க போகக் கூடாது. பலகைய நகத்தவும் கூடாது. அது வழக்கம்."

"யாரு சொன்னது? அவரா?"

"அவரு காலத்துல மலையெல்லாம் நிலவேம்புங்க. உள்ள வச்சு வளக்கற வேலையே இல்லை. அவரு என்னத்தச் சொல்லுவாரு? நாங்களாத்தான்."

"நீங்களாத்தான்!"

"சத்தம் போடாதீங்க. மாடு மெரளுது."

நாச்சிமுத்து அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் வாய் வரவில்லை. குருவைப் பார்த்து எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? பிறகு வாய் வந்தது. ஆனால் தனியாகச் சொல்ல மனம் வரவில்லை. நியாயத்தைத் தனியாகச் சொன்னால் அது முணுமுணுப்பு. சபையில் சொன்னால்தான் அது தீர்ப்பு. இது அவருடைய அனுபவம். செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள் குடிலுக்கும் வந்து போவார்கள். அறை நிறையும். அதுவரை அவர் தம் கோபத்தைக் கத்தி போலத் தீட்டினார். எந்தச் சொல்லை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று யோசித்துத் தட்டுகளைத் திருப்பினார். நடுத் தட்டில் இன்னும் சில நாற்றுகள் சாய்ந்தன. ஒவ்வொன்றும் சாயச் சாய அவர் வழக்கு வலுத்தது.

செவ்வாய் வந்தது. அறை நிறைந்தது. நல்லவேளையாக வெயிலும் வந்தது. நாச்சிமுத்து எழுந்து நின்று செருமினார். பேச்சு நின்றது.

"எல்லாரும் அந்தச் சுவத்தைப் பாருங்க."

பார்த்தார்கள்.

"அதுல தெரியற நெழலு யாருதுன்னு தெரியுதா? நாங்க சுண்ணாம்பு அடிச்சோம். தாம்பாளத்தைத் தேச்சோம். தட்டைத் திருப்பித் திருப்பி மணிக்கட்டு வீங்கிப் போச்சு. எல்லாத்தையும் நகத்துனோம். ஒண்ணே ஒண்ணத்தான் நகத்தலை." அவர் விரல் பலகையைக் காட்டியது. "அம்மணி, என்ற வீட்டுக்காரி தழை இல்லாமச் செத்தா. தழை ஏன் இல்லைன்னு கேட்டு வந்தேன். தெரியலைன்னு சொன்னீங்க. வெளிச்சத்துலயே உக்காந்துக்கிட்டு, தெரியலைன்னு சொன்னீங்க!"

யாரோ ஒரு கிழவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரியண்ணன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். நாச்சிமுத்து உதறினார்.

மருதாயி சுவரைப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். சுவரில் கொண்டையும் சாய்ந்தது.

"எனக்கு முன்னால வந்து உக்காருற மொகந்தான் எனக்குத் தெரிஞ்சுது. மொகத்துக்குப் பின்னால பார்க்கலை" என்றாள். "தப்புத்தான்."

பிறகு நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமையே தெரியும்."

"தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்கன்னு சொல்லியிருந்தேனே."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். "மரியாதை..." என்றார்.

மருதாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். எழுந்தாள். குனிந்து பலகையைத் தானே தூக்கினாள். பெரியண்ணன் கை கொடுக்க வந்ததற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டாள்.

"நாக்கு காட்ட வேண்டியவங்க இப்படி வாங்க" என்று அங்கிருந்து கூப்பிட்டாள்.

நாச்சிமுத்து ஜெயித்துவிட்டார். பெஞ்சை அவரும் பெரியண்ணனுமாகத் தூக்கி ஜன்னலுக்கு அருகே, சாரல் தெறிக்காத தூரத்தில் போட்டார்கள். ஜன்னலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. செத்தது போகப் பிழைத்த நாற்றுகள் நிறம் மாறின. தண்டு ஊன்றியது. நாலு இலை விட்டவை ஆறு இலை விட்டன.

வெயில் வருகிற வழி இப்போது அவருடைய பொறுப்பு. அதை அவர் ஊர்க்காவல் போலக் காத்தார். விடிந்ததும் ஜன்னலருகே வந்துவிடுவார். யாராவது அறைக்குள் தலை நீட்டினால், "அக்கட்டால போங்க! நெழலு உளுகுது!" என்பார். ஈரத் துணியைக் காயப்போட வந்த பெரியண்ணனைத் துரத்தினார். ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்கையைத் துரத்தினார். மருந்துக்கு வந்தவர்கள் நாற்றைப் பார்க்க வேண்டும் என்றால் பெஞ்சுக்கு அந்தப் பக்கம், உள்சுவர் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். நின்றவர்களுக்கு அவர் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கதையைச் சொன்னார். முதலில் சுருக்கமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல நீண்டது.

"குருவா இருந்தா என்ன? நியாயம்னு வந்துட்டா எழுந்திருன்னு சொல்லோணும். நான் சொன்னேன்."

"அம்மா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"என்ன சொல்லுவாங்க? எழுந்துட்டாங்க."

பெரியண்ணன் சும்மா இருக்கமாட்டார். "பொறவு எல்லாரும் அழுதோம்னு சொல்லுங்க. நேத்து அதையும் சேத்துச் சொன்னீங்க, இன்னிக்கு விட்டுப்போட்டீங்க" என்பார்.

தாழ்வாரத்தில் வெளிச்சம் போதவில்லை. மேகம் இறங்கினால் எதிரே இருப்பவர் மூக்கே மங்கலாகத்தான் தெரியும். மருதாயி ஒரு அகல்விளக்கை ஏற்றி, நோயாளி முகத்துக்கு அருகே பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். காற்றில் விளக்கு அணையும். மறுபடி ஏற்றுவாள்.

மார்கழி பிறந்தது. அந்தத் தையில் நிலவேம்பு மலைச்சரிவில் கால் ஊன்றியதும், அதற்கடுத்த காய்ச்சல் வந்தபோது ஊருக்குள் வீட்டுக்கு வீடு கஷாயம் கொதித்ததும் அடிவாரத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கதை அதற்கு முன்பே, ஒரு காலை வேளையில் முடிந்துவிடுகிறது.

அன்று காலை மேகம் இல்லை. வெயில் அருமையாக வந்தது. நாச்சிமுத்து ஆசையோடு குனிந்து பார்த்தார். நடுத் தட்டு மறுபடி வெளுத்திருந்தது. சந்தேகமே இல்லை. இரண்டு மூன்று நாற்றுகள் எக்கிக்கொண்டு நின்றன.

இவ்வளவு காவல் இருந்தும் யாரோ மறைக்கிறார்கள். தாம் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து எவனோ வந்து நிற்கிறான். அப்போதுதான் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு அறைக்குள் வந்தாள். விடியுமுன் பெய்த மழையில் நனைந்து வந்திருந்தாள். குழந்தை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"அய்யா, தாழ்வாரத்துல வெளக்கு நிக்க மாட்டேங்குதுங்க. அம்மா இந்த ஜன்னல்கிட்ட வரச் சொல்லி..."

"அக்கட்டால போ! நீங்களெல்லாம் வந்து வந்து நின்னுதான் செடி இந்தக் கதி ஆயிருக்குது. போ வெளியில!"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குத் திரும்பிப் போனாள்.

நாச்சிமுத்து தாழ்வாரம் வரைக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"அம்மா! இங்க வந்து பாருங்க! உங்களையே எழுப்பிவிட்ட எடத்துல வேற எவனோ வந்து நிக்கறான். இன்னிக்கு அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும். எனக்குப் பெரியண்ணன் மேலதான் சந்தேகம்!"

"நானா?" என்றார் பெரியண்ணன், கொட்டிலிலிருந்து. "உங்க பயத்துல நான் அந்தப் பக்கம் மூச்சே விடறதில்லைங்க!"

மருதாயி வந்தாள். தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டு எடுத்து வந்தாள்.

"அசையாம நில்லுங்க, மணியக்காரரே. ஆளைப் புடிச்சுத் தரேன்."

நாச்சிமுத்து அசையாமல் நின்றார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். குற்றவாளி பிடிபடுகிற நேரத்தில் சத்தம் போடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

மருதாயி உள்சுவருக்குப் போனாள். அவர் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் கரியால் மெதுவாகக் கோடு இழுத்தாள். கீழிருந்து மேலே போய், ஒரு தோள் வரைந்து, தலைக்கு ஏறி, மறு தோளில் இறங்கி முடித்தாள். முடித்ததும் ஒதுங்கி நின்றாள்.

சுவரில் ஒரு தலைப்பாகை இருந்தது. வலது பக்கம் ஒரு மடிப்பு துருத்திக்கொண்டு நின்றது. ஊரில் அந்த மாதிரி மடிப்பு வைத்துக் கட்டுகிறவர் ஒருவர்தான். அதே நிழல்தான் வருகிற வழியில் பெஞ்சின் நடுத் தட்டுகளையும் போர்த்தியிருந்தது.

நாச்சிமுத்து கையை உயர்த்தித் தலைப்பாகையைத் தொட்டார். சுவரில் கோட்டுக்கு வெளியே ஒரு கை எழுந்து தலைப்பாகையைத் தொட்டது.

பெரியண்ணன் கொட்டில் வாசலில் வந்து நின்று பார்த்தார். அவர் வாய் வரை ஒரு சொல் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டு மாட்டிடம் போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்கு இன்னும் கோபம் மீதி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" என்றார். "முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு, நான் மாட்டட்டும்னு இருந்தீங்களா?"

"இப்பத்தான் உள்ள வந்தேன். இப்பத்தான் பார்த்தேன்."

"பார்த்த ஒடனே சொல்லிட்டீங்க."

"கோபம் பழுக்கற வரைக்கும் செடி காத்திருக்காதுங்களே."

நாச்சிமுத்து தட்டைப் பார்த்தார். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சாய்ந்த நாற்றுகள் அவர் கண்முன் வந்தன. ஒவ்வொன்றாக வந்தன. அவற்றை அவர் தம் வழக்குக்குச் சாட்சியாக எண்ணிச் சேர்த்து வைத்திருந்தார்.

தாழ்வாரத்தில் குழந்தை அழுதது. அழக்கூடப் பலமில்லாத அழுகை. அவர் தலையைத் தூக்கினார். மருந்தில்லை என்று திரும்பி வந்த ஆள், வாசலில் நின்று சொன்னபோது உள்ளே பாவாத்தாள் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். அப்போதும் அவர் சத்தம் போட்டார். அந்த ஆளைத் திட்டினார், மலையைத் திட்டினார். அவள் கூப்பிட்டது அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று பிற்பாடு மகள் சொன்னாள்.

ஜன்னலுக்கும் பெஞ்சுக்கும் நடுவிலிருந்து அவர் வெளியே வந்தார். நடுத் தட்டுகளின் மேல் வெயில் விழுந்தது. கரிக்கோட்டுக்குள் இருந்த ஆள் போய்விட்டார்; கோடு மட்டும் நின்றது.

தாழ்வாரத்துக்குப் போனார். தூணோரம் ஒண்டி நின்ற பெண்ணின் முன்னால் போய் நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் குழந்தையின் ஈரத் தலையைத் துடைத்தார்.

"குடு கண்ணு, நான் தூக்கறேன்" என்றார்.

அவள் பயந்துகொண்டே கொடுத்தாள். குழந்தையின் உடம்பு அடுப்புப் பக்கத்துக் கல் போலச் சுட்டது. அறைக்குள் தூக்கி வந்தார். மருதாயி தாழ்வாரத்திலிருந்து பலகையை எடுத்து வந்து, ஜன்னலை ஒட்டிப் பழைய இடத்திலேயே போட்டாள். முதுகை ஜன்னலுக்குக் கொடுத்து உட்கார்ந்தாள்.

"கொண்டாங்க. நாக்கைப் பார்க்கோணும்."

நாச்சிமுத்து குழந்தையோடு தயங்கி நின்றார். பலகையைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். நடுத் தட்டு மறுபடி இருண்டிருந்தது.

"செடி மேல நெழலு உளுகுதுங்களேம்மா."

"உளுகட்டும்" என்றாள் மருதாயி. "பார்த்ததும் எழுந்திருச்சிருவோம்."